குச்சி வேர்விட வேர் ஊக்கி மட்டும் போதுமா?

கார்த்திகை மாதக் கடைசியில் நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். ஒரு ஏக்கரில் குண்டுமல்லி நடுவதற்காக, கவாத்து செய்த குச்சிகளிலிருந்து 3,000 குச்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தானே நாற்றங்காலில் வைத்திருந்தார். ஒரு வாரத்தில் இலைகள் உதிரத் தொடங்கின. பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொரு குச்சியின் அடியும் கரிக்குச்சி போலக் கறுத்திருந்தது. "வேர் வர்ற மருந்து வாங்கித்தான் போட்டேன் சார். போலி மருந்தைத் தலையில கட்டிட்டாங்க போல" என்றார்.

மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். மருந்து போலி அல்ல. ஒரு கிராம் ஐ.பி.ஏ. தூளை ஸ்பிரிட்டில் கரைத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கியிருந்தார். அளவும் சரிதான். "எவ்வளவு நேரம் முக்கினீங்க ஐயா?" என்று கேட்டேன். "நல்லாக் குடிக்கட்டும்னு ராத்திரி பூரா ஊற வச்சேன் சார்" என்றார். ஐந்து விநாடி தொட்டு எடுக்க வேண்டிய கரைசலில் குச்சிகள் பத்து மணி நேரம் நின்றிருக்கின்றன.

பாத்தியைக் கிளறிப் பார்த்தபோது வேறு இரண்டு குறைகளும் தெரிந்தன. குண்டூசி போல மெலிந்த இளம் நுனிகளும், சாம்பல் நிறப் பட்டையோடு முற்றிய கட்டைகளும் ஒன்றாகக் கலந்திருந்தன. பாத்தியில் கண்மாய் வண்டல் போட்டிருந்தார். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஊக்கியைச் சரியாகத் தொட்டு வைத்திருந்தாலும் அந்த 3,000 குச்சிகளில் பெரும்பகுதி தேறியிருக்காது.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம்தான் கவாத்துக் காலம். அந்தக் குச்சி போனால் அடுத்த நல்ல குச்சிக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் வாங்கி நாற்று வாங்க வேண்டும். அன்று அவர் கேட்ட கேள்வியைப் பல விவசாயிகளிடம் கேட்டிருக்கிறேன்: "அப்ப இந்த மருந்து வேணுமா, வேண்டாமா?" அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

வேர் எங்கிருந்து வருகிறது?

செடியின் நுனி மொட்டிலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உற்பத்தியாகிறது. அது தண்டு வழியாக மேலிருந்து கீழாக இறங்குகிறது. குச்சியை வெட்டிவிட்டால் இறங்கி வரும் ஆக்சினுக்கு மேற்கொண்டு போக வழியில்லை. வெட்டிய அடிப்பகுதியில் தேங்கி நிற்கிறது. அங்கே பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் எனப்படும் வளர்திசு இருக்கிறது. தேங்கிய ஆக்சினின் தூண்டுதலால் அந்தப் பகுதியில் உள்ள செல்கள் பிரிந்து வேர்முனைகளாக உருவெடுக்கின்றன. அவை பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. இந்த வேர் வளரத் தேவையான உணவு, குச்சியில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்திலிருந்தும் மேலே விட்டுவைத்த இலைகளிலிருந்தும் வருகிறது.

இயற்கையான ஆக்சின் சீக்கிரம் சிதைந்துவிடும். 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மன், வில்காக்சன் என்ற இரு விஞ்ஞானிகள், இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் நாப்தலீன் அசிட்டிக் அமிலமும் தண்டில் வேரைத் தூண்டுவதைக் கண்டறிந்தார்கள். நாம் ஐ.பி.ஏ., என்.ஏ.ஏ. என்று சொல்பவை இவைதான். இவற்றில் ஐ.பி.ஏ. எளிதில் சிதையாது; குச்சிக்குள் மெதுவாக வேலை செய்யும்; அளவு கொஞ்சம் கூடினாலும் என்.ஏ.ஏ. அளவுக்குச் சுடாது. அதனால்தான் நாற்றங்கால்களில் ஐ.பி.ஏ. முதலிடம் பிடித்தது.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஊக்கி குச்சிக்கு உணவாகாது, நோயையும் தடுக்காது, உயிரில்லாத குச்சிக்கு உயிரும் கொடுக்காது. வேர்விடும் திறனும் உணவும் உள்ள குச்சியில் வேரைச் சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வரவைப்பதுதான் அதன் வேலை. அளவு மீறினால் அதே பொருள் விஷம். களைக்கொல்லியாக நாம் தெளிக்கும் 2,4-டி மருந்தும் ஆக்சின் வகையைச் சேர்ந்ததுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

எந்தப் பயிருக்குத் தேவை?

ஊக்கி வாங்கும் முன் நீங்கள் வைக்கப்போகும் பயிர் எந்த வகை என்று பாருங்கள்.

தானாகவே வேர்விடுபவை: முருங்கைப் போத்து, கிளுவை, கிளைரிசிடியா, மரவள்ளிக் குச்சி, மல்பெரி, அரளி போன்றவை. இவற்றுக்கு ஊக்கி வாங்குவது வீண் செலவு. ஒரு மீட்டர் நீள முருங்கைப் போத்து தன் தண்டில் வைத்திருக்கும் உணவைக் கொண்டே வேர்விட்டுவிடும்.

ஊக்கியால் பலன் பெறுபவை: குண்டுமல்லி, முல்லை, பிச்சி, ரோஜா, போகன்வில்லா, மாதுளை, மிளகு, டெல்லி கனகாம்பரம், கொய்யாப் பதியன் போன்றவை. ஊக்கி இல்லாமலும் இவற்றில் ஒரு பகுதி வேர்விடும். ஊக்கி தொட்டால் வேர்விடும் குச்சிகள் கூடும். ஒவ்வொரு குச்சியிலும் வேர்களின் எண்ணிக்கை கூடும். நாற்று ஒரே சீராக வரும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது என்பதால் அதற்குக் குச்சிதான் வழி.

ஊக்கி அவசியமானவை: தைலமரம், சவுக்கு ஆகியவற்றின் குளோன் நாற்றுகள். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட சவுக்குக் குளோன்கள் போன்றவற்றைச் சிறு தளிர்க் குச்சிகளிலிருந்துதான் பெருக்குகிறார்கள். அங்கே ஊக்கி, ஈரப்பதக் கூடம், பதமான தளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஊக்கி கொடுத்தும் பயனில்லாதவை: தென்னையும் பனையும் குச்சியில் வராதவை. அவற்றின் தண்டில் நாம் மேலே பார்த்த கேம்பியம் வளையமே கிடையாது. மா, முந்திரி ஆகியவற்றின் முதிர்ந்த மரக்குச்சிகளும் எளிதில் வேர்விடாது. அவற்றுக்கு ஒட்டுக்கட்டுவதே சரியான வழி. "எந்தச் செடிக்கும் வேர் வரும்" என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

தாய்ச்செடியில் தொடங்குங்கள்

குண்டுமல்லியையே எடுத்துக்கொள்வோம். 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 6,400 செடிகள், ஏக்கருக்கு ஏறத்தாழ 2,560 செடிகள் வேண்டும். ஒருமுறை நட்ட மல்லிகை பத்தாண்டுக்கு மேல் தோட்டத்தில் நிற்கும். இன்று நாற்றங்காலில் வைக்கும் குச்சியின் குணம் அத்தனை ஆண்டும் நம் பூக்கூடையில் தெரியும்.

எனவே, பூக்கும் பருவத்திலேயே தாய்ச்செடிகளைக் கவனித்து அடையாளம் இடுங்கள். நன்றாகப் பூத்த, நோயில்லாத செடிகளில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். இலையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல ரோமப் படலம் தெரிந்தால் அது எரியோபிட் சிலந்திப் பேன். மொட்டு வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வந்தால் அது பூ இலையாகும் நோய். இந்தச் செடிகளில் குச்சி எடுத்தால் நோயையும் சேர்த்துப் பெருக்குகிறோம். ஊக்கி அதையும் வேர்விடச் செய்துவிடும் என்பதுதான் ஆபத்து.

மிக இளசும் வேண்டாம், மிக முற்றியதும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு தட்டத் தொடங்கிய பாதி முற்றிய தண்டே மல்லிகைக்கு ஏற்றது. வளைத்துப் பாருங்கள். ரப்பர் போல வளைந்தால் இளசு. வளையவே மறுத்தால் முற்றல். கொஞ்சம் வளைந்து 'படக்' என்று ஒடிந்தால் அதுதான் பதம். பூவோ மொட்டோ உள்ள குச்சியைத் தவிருங்கள். இருக்கிற உணவைப் பூவே இழுத்துக்கொள்ளும்.

குச்சி 15 செ.மீ. நீளமும் மூன்று நான்கு கணுக்களும் கொண்டதாக இருக்கட்டும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே கணுவுக்கு ஒரு செ.மீ. விட்டு நேராகவும் வெட்டுங்கள். இப்படி வெட்டினால் தலைகீழாக நடும் தவறும் நேராது. ஆக்சின் மேலிருந்து கீழே மட்டும் இறங்குவதால் தலைகீழாக நட்ட குச்சி வீணாகிவிடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம்.

வெட்டும் வேலையைக் காலை வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். வெட்டிய குச்சிகளை நனைந்த சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். வரப்பில் குவித்துவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் குச்சி பாதி செத்துவிடும். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பது நல்லது.

கரைசல் தயாரிப்பது எப்படி?

பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் ஊக்கி இருந்தால் அது 1,000 பி.பி.எம். 100 மி.லி. கரைசலில் 100 மில்லிகிராம் இருந்தாலும் அதே 1,000 தான். சதவீதத்தில் சொன்னால் 0.1.

இந்தக் கணக்கில் நானும் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். முதுநிலை மாணவனாக இருந்தபோது மாதுளைக் குச்சிக்குக் கரைசல் தயாரிக்கையில் புள்ளி ஓரிடம் நகர்ந்து, பத்து மடங்கு கூடுதலாகக் கலந்துவிட்டேன். மூன்றாம் வாரத்தில் குச்சிகளின் அடி கட்டி கட்டியாக வீங்கி, வெடித்து, அழுகின. ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. அன்றிலிருந்து கணக்கைக் காகிதத்தில் எழுதி, இன்னொருவரிடம் காட்டிய பிறகே பாட்டிலைத் திறக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

ஐ.பி.ஏ. தூள் தண்ணீரில் எளிதில் கரையாது, மிதக்கும். முதலில் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். செய்முறை இதுதான்:

ஒரு கிராம் ஐ.பி.ஏ. பொட்டலத்தை முழுதாக 100 மி.லி. ஆல்கஹால் அளவில் கரைத்துக்கொள்ளுங்கள். இது 10,000 பி.பி.எம். வலுவுள்ள தாய்க்கரைசல். பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, பெயரும் வலுவும் தேதியும் எழுதி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள்.

தேவைப்படும் அன்று தாய்க்கரைசலில் 10 மி.லி. எடுத்து, 40 மி.லி. ஆல்கஹால் சேர்த்து, பிறகு மெதுவாகச் சுத்தமான தண்ணீர் ஊற்றி 100 மி.லி. ஆக்குங்கள். இதுவே 1,000 பி.பி.எம். கரைசல். 2,000 வேண்டுமானால் தாய்க்கரைசல் 20 மி.லி., ஆல்கஹால் 30 மி.லி., மீதி தண்ணீர். பால் போலக் கலங்கினால் ஊக்கி பிரிந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் வேகமாக ஊற்றியிருப்பீர்கள் அல்லது ஆல்கஹால் குறைந்திருக்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரோ மழைநீரோ பயன்படுத்துங்கள்.

சிறு பொட்டலத்தில் பாதியை மட்டும் எடுக்க நினைத்து வீட்டுத் தராசில் எடை போடாதீர்கள். மில்லிகிராம் எடையை அது காட்டாது. முழுப் பொட்டலத்தையும் கரைப்பதே பாதுகாப்பு. கட்டாயம் பிரிக்க வேண்டுமானால் நகைக்கடைத் தராசு போல நுட்பமான தராசு வேண்டும்.

ஆழம் குறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு செ.மீ. உயரத்துக்குக் கரைசலை ஊற்றுங்கள். 25 குச்சிகளை அடி சமமாக வரும்படி கட்டாகப் பிடித்து, ஐந்து விநாடி நனைத்து எடுங்கள். ஆல்கஹால் ஆவியாகும்வரை இரண்டொரு நிமிடம் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள். மேல் மொட்டில் கரைசல் படக்கூடாது. பட்டால் துளிர் விடுவது தாமதமாகும். 100 மி.லி. கரைசல் சில நூறு குச்சிகளுக்கு வரும். அழுக்கான மீதியைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஊறவைக்கும் முறையும் ஒன்று உண்டு. அதற்கு வலு 20 முதல் 200 பி.பி.எம். வரைதான், நேரம் பல மணி, அதிகபட்சம் 24 மணி. வலு அதிகமென்றால் விநாடிக்கணக்கு, வலு குறைவென்றால் மணிக்கணக்கு. நிலக்கோட்டை விவசாயி ஒரு முறையின் வலுவையும் இன்னொரு முறையின் நேரத்தையும் சேர்த்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

என்.ஏ.ஏ. பற்றியும் ஓர் எச்சரிக்கை. பூ, காய் உதிர்வதைத் தடுக்கக் கடையில் கிடைக்கும் 4.5 சதவீத என்.ஏ.ஏ. மருந்தைச் சிலர் அப்படியே குச்சியில் தொட்டு வைக்கிறார்கள். 4.5 சதவீதம் என்றால் 45,000 பி.பி.எம். குச்சி கருகிவிடும். வேறு வழியில்லாமல் அதைப் பயன்படுத்தினால், 11 மி.லி. மருந்தைத் தண்ணீரில் கலந்து ஒரு லிட்டர் ஆக்கினால் ஏறத்தாழ 500 பி.பி.எம். கிடைக்கும். அங்கிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.

தூள் வாங்குவோர் கவனத்துக்கு

கரைசல் தயாரிக்க வசதியில்லாதவர்களுக்கு டால்கம் மாவில் கலந்த தூள் எளிது. லேபிளில் சதவீதம் பாருங்கள். 0.1 என்றால் 1,000, 0.3 என்றால் 3,000, 0.8 என்றால் 8,000 பி.பி.எம். மென்மையான குச்சிக்குக் குறைந்த வலு, கடினமான கட்டைக்குக் கூடிய வலு. மல்லிகைக்கு 0.1 சதவீதத்தில் தொடங்கலாம். லேபிளில் மருந்தின் பெயரும் சதவீதமும் காலாவதித் தேதியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

தேவையான தூளைத் தட்டில் கொட்டிக்கொண்டு, மீதியை உடனே மூடிவிட வேண்டும். குச்சியின் அடியை ஈரத்துணியில் ஒற்றி, ஒரு செ.மீ. அளவுக்குத் தூளில் தொட்டு, விரலால் தட்டிக் கூடுதல் தூளை உதறுங்கள். குச்சியை அப்படியே மண்ணில் குத்தினால் ஒட்டிய தூள் மேலேயே வழிந்து நின்றுவிடும். முதலில் ஓர் ஈர்க்குச்சியாலோ பென்சிலாலோ துளை போட்டு, அதில் குச்சியை இறக்கி, பக்கத்து மண்ணை அழுத்திவிடுங்கள். தட்டில் மிஞ்சிய தூளில் ஈரமும் சாறும் கலந்திருக்கும். அதை டப்பாவில் போட வேண்டாம்.

கையுறை அணிந்து செய்யுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்புக்கு அருகில் வேண்டாம். பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பாத்தியில்தான் பாதி வெற்றி

மல்லிகை நாற்று என்றதும் ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் மல்லிகை நாற்று போகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் அந்தப் பகுதி நாற்றுதான் மூலம். அந்த மண்ணின் பலம் மணல். தண்ணீர் நிற்காது, ஆனால் ஈரம் இருக்கும். காற்று உள்ளே போகும். வேர்முனை உருவாகும்போது அதற்கு மூச்சுக்காற்று வேண்டும். சேறான வண்டலில் காற்று கிடையாது. அழுகல் பூஞ்சாணத்துக்குத்தான் அது தோது.

மணல் கிடைக்காதவர்கள் நன்கு கழுவி மட்கவைத்த தென்னை நார்க்கழிவையும் மணல் கலந்த செம்மண்ணையும் சம அளவில் கலக்கலாம். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பச்சை எருவும் உரமும் இப்போது வேண்டாம். வேர் இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? டிரைக்கோடெர்மா விரிடி கலந்த மட்கிய எரு சிறிதளவு சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியை அதே நேரத்தில் ஊற்றாதீர்கள். நல்ல பூஞ்சாணமும் செத்துவிடும்.

குச்சிகளை ஐந்து செ.மீ. இடைவெளியில், ஒன்றிரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். வேர் இல்லாத குச்சி தண்ணீரை இழுக்க முடியாது. ஆனால் இலை நீரை விட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் ஈரக்காற்று தேவை. மூங்கில் பிளாச்சை வளைத்து, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, அதற்கும் மேலே 50 முதல் 75 சதவீத நிழல்வலை கட்டினால் சிறு விவசாயிக்கு அதுவே மூடுபனிக் கூடம். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் போதும். தினமும் காலையில் சிறிது நேரம் திறந்து காற்றாடவிட்டு, கைத்தெளிப்பானால் லேசாக நனைத்து மூடுங்கள். நாளுக்கு இருமுறை குடம் குடமாக ஊற்ற வேண்டியதில்லை. உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

துளிரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இரண்டாம் வாரத்தில் குச்சி துளிர்க்கும். பார்த்தவுடன் மகிழ்ச்சியில் பாலித்தீன் தாளை எடுத்துவிடுகிறோம். சிலர் உடனே பைக்கு மாற்றிவிடுகிறார்கள். நாலைந்து நாளில் துளிர் வாடிவிடுகிறது. காரணம், துளிர் வந்தது தண்டில் இருந்த உணவில். வேர் இன்னும் வரவில்லை.

அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ திரண்டிருக்கும் கட்டியும் வேர் அல்ல. அது காயம் ஆறும் திசு. அதன் பிறகு வேர் வரலாம், வராமலும் போகலாம். நான்காம் வாரத்தில் பாத்தியின் வெவ்வேறு இடங்களில் ஐந்தாறு குச்சிகளைக் கரண்டியால் மண்ணோடு எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில் பல பக்கமும் வேர் தெரிந்தால்தான் பைக்கு மாற்றலாம். மாற்றும் முன் ஒரு வாரம் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில் நாற்று நடவுக்குத் தயாராகும். கார்த்திகையில் கவாத்துக் குச்சியை வைத்தவர்கள் ஆனி, ஆடியில் வயலில் நடலாம். மல்லிகை நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம்.

சாணமும் தேனும் கற்றாழையும்

முருங்கைப் போத்தின் மேல் நுனியில் சாணியை அப்பி வைப்பது நம் முன்னோர் வழக்கம். அது நல்ல வழக்கம். வெட்டுவாயிலிருந்து ஈரம் வெளியேறுவதை அது தடுக்கிறது. ஆனால் அதுவே வேர் ஊக்கி ஆகாது. பச்சைச் சாணியை அடியில் பூசி, ஈர மண்ணில் நட்டால் அழுகலுக்கு இடம் கொடுத்ததாகும்.

தேன், இலவங்கப்பட்டைத் தூள், சோற்றுக்கற்றாழைச் சாறு, இளநீர் ஆகியவற்றையும் பலர் சொல்கிறார்கள். தேனும் பட்டையும் கிருமியைக் கொஞ்சம் அடக்கலாம். இளநீரில் சைட்டோகைனின் என்ற வேறொரு வளர்ச்சிப் பொருள் இருக்கிறது. அது தளிருக்கு உதவுவது. எதிலும் ஊக்கியின் அளவு ஒரே சீராக இருக்காது என்பதுதான் சிக்கல். வீட்டுத் தொட்டியில் பத்து ரோஜாக் குச்சிக்குச் செய்து பார்க்கலாம். 3,000 குச்சியை அதை நம்பி வைக்க வேண்டாம். இயற்கை விவசாயிகள் ஊக்கியைத் தவிர்க்க விரும்பினால், பதமான குச்சி, மணல் பாத்தி, பாலித்தீன் கூடாரம் ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் செலுத்தினாலே மல்லிகையில் நல்ல பலன் காணலாம்.

முதலில் 150 குச்சி, பிறகு 3,000

அப்படியானால் ஊக்கி வேண்டுமா, வேண்டாமா? உங்கள் தாய்ச்செடி, உங்கள் தண்ணீர், உங்கள் பாத்தி ஆகியவற்றுக்கான பதிலை எந்தப் புத்தகமும் சொல்லாது. நீங்களே கண்டுபிடிக்கலாம்; செலவும் அதிகமில்லை.

ஒரே நாளில், ஒரே தாய்ச்செடிகளிலிருந்து, ஒரே தடிமனில் 150 குச்சிகள் எடுங்கள். 50 குச்சிகளை ஊக்கி இல்லாமல், ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்ததில் மட்டும் ஐந்து விநாடி தொட்டு நடுங்கள். அடுத்த 50 குச்சிகளுக்கு 1,000 பி.பி.எம். கடைசி 50 குச்சிகளுக்கு 2,000 பி.பி.எம். ஒரே பாத்தியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மூன்று நிறப் பெயின்ட்டால் அடையாளம் இடுங்கள். 45ஆம் நாள் பிடுங்கி, வாளித் தண்ணீரில் மண்ணை அலசிவிட்டு எண்ணுங்கள். எத்தனை குச்சியில் வேர்? ஒரு குச்சிக்கு எத்தனை வேர்? எவ்வளவு நீளம்? ஒரே பக்கமா, சுற்றிலுமா?

ஊக்கி இல்லாத 50இல் 40 தேறி, ஊக்கி தொட்டதில் 42 தேறியது என்று வைத்துக்கொள்வோம். வேரும் ஒன்றுபோல இருந்தால் ஊக்கிக்குச் செலவு செய்ய வேண்டாம். இல்லாததில் 25, தொட்டதில் 40 என்றால் அந்தச் செலவு நாற்றிலேயே திரும்ப வந்துவிடும். 1,000ஐவிட 2,000இல் அடி கறுத்திருந்தால் மேலே போகக் கூடாது என்று பொருள். மூன்றிலும் பத்துக்கூடத் தேறவில்லை என்றால் ஊக்கியை விட்டுவிட்டுக் குச்சியையும் பாத்தியையும் பாருங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயல்விளக்கத்தில் ஊக்கி தொட்ட பாத்தியை மட்டும் காட்டாதீர்கள். தொடாத பாத்தியையும் பக்கத்தில் வையுங்கள். விவசாயி இரண்டையும் பிடுங்கிப் பார்த்துத் தானே முடிவெடுக்கட்டும். ஊக்கி டப்பாவைக் கொடுக்கும்போது, "எத்தனை விநாடி?" என்ற ஒரு வரியைப் பேனாவால் அதன் மேல் எழுதிக் கொடுங்கள்.

நிலக்கோட்டை விவசாயி அடுத்த கார்த்திகை வரை காத்திருந்தார். வண்டலை அள்ளிவிட்டு மணலும் நார்க்கழிவும் போட்டார். தாய்ச்செடிகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். 150 குச்சிகளை முன்கூட்டியே வைத்துச் சோதித்தார். ஊக்கி தொடாததிலும் பாதிக்கு மேல் தேறியிருந்தன. ஆனால் தொட்டதன் வேர் தாடிபோல அடர்த்தியாக இருந்தது. 1,000 போதும் என்று அவரே முடிவு செய்தார். ஆடியில் அவர் தோட்டத்துக்குப் போனபோது நடவு முடிந்திருந்தது. "போன வருசம் மருந்து மேல பழி போட்டேன் சார். இந்த வருசம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் முக்குனேன்" என்று சிரித்தார்.

கவாத்துக் கத்தரியை எடுக்கும் முன் பாத்தியைத் தயார் செய்யுங்கள். பாத்தி தயாரான பிறகு குச்சியைத் தேர்ந்தெடுங்கள். ஊக்கி அதற்கு அடுத்தது. பயிருக்கு ஏற்ற வலுவில் ஐயம் இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.